யார் சார்பில்

ஜனவரி அறுவடைக் கடிதம்
ஆறாயிரத்து இருநூறு பேருக்குப் போனது.
போனது என்றுதான் நினைத்திருந்தோம்.
பெங்களூரில் காப்பி வறுப்பவர் ஒருவர் போனில் கேட்டார்:
"இந்த வருஷம் உங்ககிட்ட சரக்கு இல்லையா?"
லாட்டரிப் பரிசுக்கும்
முடி வளர்க்கும் எண்ணெய்க்கும் நடுவே
ஸ்பாமில் கிடந்திருக்கிறது எங்கள் அரபிகா.

அஸ்தம்பட்டி அலுவலகத்தில் கணக்கும் நான், கம்ப்யூட்டரும் நான்,
கரண்ட் போனால் இன்வெர்ட்டரைத் தட்டுவதும் நான்.
முதலாளியம்மா வசந்தகோகிலம் கேட்டார்:
"நம்ம பேர்ல நாம அனுப்ப
யாருகிட்ட அத்தாட்சி காட்டணும்?"
எல்லாரிடமும், அம்மா.
கேட்காதவரிடமும்.

முதலில் பட்டியல்.
எங்கள் பெயர் சொல்லி அனுப்ப எவருக்கெல்லாம் உரிமை என்று
ஊரறிய எழுதிவைப்பது.
ரேஷன் கார்டு மாதிரி,
பெயர் இல்லையென்றால் சர்க்கரை இல்லை.
பத்துத் தேடலுக்கு மேல் தாங்காதாம்.
எட்டில் நிறுத்தினேன்.

பிறகு கையொப்பம். சாவி இரண்டு:
ஒன்றை உலகத்துக்கே கொடுத்துவிடலாம்,
மற்றதை அம்மாவுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.
உலகத்துக்கான சாவி நானூறு எழுத்து நீளம்.
ஒட்டும்போது ஓர் எழுத்து உதிர்ந்து
இரண்டு நாளைத் தின்றது.
அந்த இரண்டு நாளும் நான் தின்றது
எதிர் வண்டியின் தட்டுவடை செட்.

கடைசியில் கொள்கை.
அத்தாட்சி இல்லாமல் எங்கள் பெயரில் வருவதை
சும்மா பார், ஒதுக்கி வை, விரட்டு:
மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும்.
சும்மா பார் என்றேன்.
பயம்தான்.

மறுநாளிலிருந்து அறிக்கைகள் வந்தன, சுருட்டிக் கட்டிய பொட்டலங்களாக.
எந்த இடத்திலிருந்து, எத்தனை,
தேறியதா இல்லையா.
உள்ளே என்ன எழுதியிருந்தது என்று மட்டும் சொல்லாது.
எங்களுடையதெல்லாம் தேறிவிட்டது.
தேறாதது ஒரே ஓர் எண்.
அங்கிருந்து தினமும் ஒரு கடிதம்.
ஒன்றே ஒன்று.
திருடன் எவனாவது ஒன்றோடு நிறுத்துவானா?

பழைய பில்களைப் புரட்டியதில்
அந்த எண் எங்களுடையதே.
நாகலூர் உலர்களத்தின் இணைப்பு,
மாதம் தவறாமல் நானே பணம் கட்டுவது.
சனிக்கிழமை இருபது வளைவும் ஏறிப் போனேன்.
சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி,
பச்சை விளக்கு,
வெளியே தகரக் கூரைமேல் மழைமானி.
டேப் ஒட்டி எழுதியிருந்தது: கழற்றாதே. பெலிக்ஸ்.

பெலிக்ஸ் ஓசூர் போய் மூன்று வருஷம் தாண்டிவிட்டது.
கூப்பிட்டேன்.
"இன்னுமா ஓடுது அது?" என்று சிரித்தான்.
மழைக்கென்று ஒரு அஞ்சல் பெட்டி திறந்து வைத்திருந்தானாம்,
கடவுச்சொல் ஞாபகம் இல்லையாம்.
புதிதாக ஒன்று போட்டு உள்ளே போனேன்.
படிக்காதவை ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு.

காலை ஆறு பத்து. 0.
காலை ஆறு பத்து. 0.
காலை ஆறு பத்து. 41.5.
பதினெட்டாம் வளைவில் மண் சரிந்து
எங்கள் லாரி நின்ற நாளுக்கு
118 என்றிருந்தது.
அன்று ஆளாளுக்குப் போன் போட்டு
மேலே எவ்வளவு மழை என்று
கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெட்டிக்குக் கையொப்பமிடத் தெரியாது, பழசு.
விரட்டு என்று நான் சொன்னால்
முதலில் விரட்டப்படுவது அதுதான்.
பட்டியலில் அதன் எண்ணைச் சேர்த்தேன்.
வெறும் எண் தேடல் கணக்கில் வராது.
அம்மாவிடம் கேட்கவில்லை.
அப்புறம்தான் கொள்கையை மாற்றினேன்.

மார்ச் கடிதம் போய்ச் சேர்ந்தது.
பெங்களூர்க்காரருக்கும் சேர்ந்தது.
அவர் அடியிலிருந்த 'விலகு' பொத்தானை அழுத்தினார்,
ஒரே சொடுக்கில் விலகும்படி
நான்தான் அமைத்திருந்தேன்.

மலை முழுக்கப் பூமழைக்குக் காத்திருக்கிறது.
காலை ஆறு பத்து. 0.
வந்தது. தேறியது. படித்தேன்.
மழை இல்லை என்பதையும்
எங்கள் பெயரில்தான் சொல்கிறது.